சிறு சபையும் பெருநகரமும்

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையையும் துறைமுகத்தையும் ஆளுநர்களையும் முதற்கண் எண்ணுவர். வானளாவிய கோபுரங்களும் பெரிய ஆலயங்களும் அவற்றை அடுத்து இடம்பெறும். ஐம்பது அறுபது குடும்பங்கள் ஞாயிறுதோறும் கூடிக் கலைகின்ற சிறிய வழிபாட்டுச் சபைகளுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. கொழும்பு மாநகரைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். கடந்த மூன்றரை நூற்றாண்டுகளாகக் கொட்டாஞ்சேனை முதல் வெள்ளவத்தை வரையுள்ள இக்கரையோரத்தில் கிறிஸ்தவ சமயம் தழைத்ததும் தளர்ந்ததும் மீண்டும் தளிர்த்ததும் சிறு கூட்டங்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவையே.

பெருந்திரளுக்கு இல்லாத எந்த நலம் சிறு சபைக்கு உண்டு? இவ்வினாவுக்குத் தத்துவ நூல்களில் விடை தேடவேண்டியதில்லை. நம் நாட்டின் வரலாறே அதற்கு விடை பகரும்.

1656ஆம் ஆண்டில் கொழும்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயிற்று. புதிய ஆட்சியாளர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தோர். கத்தோலிக்க குருமாரை நாட்டைவிட்டு அகற்றிய அவர்கள், குரு ஒருவருக்கு வீட்டில் புகலிடம் அளித்தாலும் மரண தண்டனை என்று ஆணை பிறப்பித்தனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டன, பூசை நின்றது. ஏறக்குறைய 30 ஆண்டுகள், அதாவது ஒரு தலைமுறைக் காலம் முழுவதும், கத்தோலிக்க மக்கள் மேய்ப்பரின்றி வாழ்ந்தனர்.

குருவும் கோயிலும் இல்லாத சமயம் முப்பது ஆண்டுகளில் மறைந்தொழிந்திருக்க வேண்டும். அவ்வாறு மறையவில்லை. இரவில் கதவடைத்த வீடுகளுள் சில குடும்பங்கள் கூடிச் செபமாலை சொல்லின. ஊரில் முதியவராயும் நம்பிக்கைக்குரியவராயும் இருந்த ஒருவர் செபத்தை நடத்தினார். பிறந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கவும், இறப்போரின் பக்கத்திலிருந்து மன்றாடவும் சாதாரண இல்லறத்தாரே முன்வந்தனர். அக்கூட்டம் சிறியதாயிருந்தமையே அதற்கு அரணாயிற்று. பெருங்கூட்டத்தில் ஒற்றன் ஒருவன் எளிதில் கலந்துகொள்வான். எல்லாரும் எல்லாரையும் அறிந்த பத்து வீட்டாரிடையே அவன் நுழைதல் எளிதன்று.

இந்நிலையில், 1687ஆம் ஆண்டில், கோவையைச் சேர்ந்த யோசேவ்வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையில் வந்திறங்கினார். இங்குக் கோவை என்றது மேற்குக் கடற்கரையிலுள்ள கோவா நாட்டை. வந்திறங்கியதும் நோயுற்று நலிந்த அவர், உடல் தேறியபின் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை ஏற்றுச் சென்றார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோர் யார் என்பதைக்கொண்டே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் கண்டறிந்தார் என்பர். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். அடிகளார் அவர்கள் கைக்குத் தப்பிப் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற ஐயத்தால் சிறைவைக்கப்பட்டார். பின்னர் மன்னனின் நன்மதிப்பைப் பெற்று, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

யோசேவ்வாஸ் அடிகளாரின் துணிவைப் போற்றுவோர் அவர் கையாண்ட முறையைப் பலவேளை மறந்துவிடுவர். தனியொருவர் தீவு முழுவதற்கும் குருவாக இருத்தல் இயலாது. ஆகவே அவர் சென்ற ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அமர்த்தினார். மூப்பர் சபையின் காரியங்களைக் கவனிப்பார். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக்கொடுப்பார். குரு வரும் நாள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. எஞ்சிய நாட்களில் சபை தன் கால்களில் தானே நின்றது. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றிய நூல்கள் இச்சிறு கூட்டங்களுக்கு உணவாயின. குருவற்ற ஞாயிறுகளில் அண்ணாவியார் வாசிக்க, ஏனையோர் கேட்டனர். எழுத்தறியாதோரும் கேள்வியால் கல்வி பெற்றனர்.

கொட்டாஞ்சேனைப் பகுதியிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தொடக்கமும் இத்தகையதே. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர் வணிகர் கோலத்தில் இங்கு மறைந்திருந்தார் என்பது செவிவழி வரலாறு. கடல் அரித்துத் தம் குடிசைகளை விழுங்கும் என்று அஞ்சிய மீனவர், அவரை மன்றாடுமாறு வேண்டினர். அவர் கரையில் சிலுவை நாட்டிச் செபித்தார், கடல் பின்வாங்கிற்று, ஒல்லாந்தரும் அவரைத் துன்புறுத்தாது விட்டனர் என்று அவ்வரலாறு கூறும். கொச்சிக்கடை என்ற பெயரும் கொச்சியாரின் கடையைக் குறிப்பதென்பர். இக்கதையின் ஒவ்வொரு கூற்றையும் ஆவணங்கொண்டு நிறுவுதல் எளிதன்று. எனினும் அது சுட்டும் உண்மை தெளிவானது. இன்று சமய வேறுபாடின்றி ஆயிரமாயிரம் மக்கள் செவ்வாய்தோறும் திரளும் அத்திருத்தலம், சில மீனவக் குடும்பங்கள் கூடிய மண்சுவர்க் கோயிலாகவே தன் வாழ்வைத் தொடங்கிற்று. இப்போதுள்ள ஆலயம் 1834இல் எழுந்தது.

அதே காலத்தில் ஒல்லாந்தரின் சமயம் எவ்வாறு இருந்தது? கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டில் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம், தன் தடித்த சுவர்களோடு இன்றும் கம்பீரமாய் நிற்கிறது. அச்சபையில் உண்மை ஊழியரும் கற்றோரும் இருந்தனர். கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ அவர்களுள் ஒருவர். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலேயே அச்சாயிற்று. அவருடைய புலமையைச் சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்று நூலிலும் காணலாம்.

ஆயினும் அவ்வாட்சியின் பொதுப்போக்கு வேறு. திருமுழுக்குப் பெற்றுப் பள்ளித் தோம்பில் பெயர் பதிந்தவர்க்கே உத்தியோகமும் உரிமையும் எளிதிற் கிடைத்தன. ஆகவே பெயர்கள் பெருகின. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் சீர்திருத்த சமயத்தவர் என்று கணக்கிடப்பட்ட இந்நாட்டு மக்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒல்லாந்தரின் அதிகாரம் நீங்கவே, சில ஆண்டுகளுள் அத்தொகை வெயில் முன் பனிபோல் மறைந்தது. தோம்பில் இருந்த பெயர்களுக்குரியோர் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் வாராதொழிந்தால் மற்றவர் தேடார். மரண தண்டனைக்கு அஞ்சாத சிறு கூட்டம் நிலைத்தது. அரசின் ஆதரவு பெற்ற பெருங்கணக்கு அழிந்தது.

இஃது இலங்கைக்கு மட்டும் உரிய செய்தியன்று. யப்பான் நாட்டில் 1614இல் கிறிஸ்தவ சமயம் தடைசெய்யப்பட்டது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே குருமார் இல்லை. 1865ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள், நாகசாக்கி நகரில் புதிதாகக் கட்டப்பட்ட ஆலயத்துக்கு வந்த ஏழைக் கிராமத்தார் சிலர், தாமும் அதே நம்பிக்கையுடையோர் என்று பிரெஞ்சுக் குரு ஒருவரிடம் மெல்லக் கூறினர். திருநாட்களைக் கணக்கிட ஒருவர், திருமுழுக்கு அளிக்க ஒருவர் என்று ஊருக்குள்ளேயே பொறுப்புகளைப் பகிர்ந்து அவர்கள் சமயத்தைக் காத்திருந்தனர். நம் ஊர்களின் மூப்பரும் அண்ணாவியாரும் ஆற்றிய பணியையே கடல்கடந்த அந்நாட்டாரும் தாமாகக் கண்டறிந்தமை வியப்புக்குரியது.

1806ஆம் ஆண்டில் ஆளுநர் சேர் தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கருக்கு வழிபாட்டுரிமை வழங்கினார். மறைந்திருந்த சபைகள் வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த பத்தாண்டுகளில் கொழும்பின் தமிழ்ச் சபைகள் வேறு திசைகளிலும் வளர்ந்தன. 1812 முதல் 1820 வரை ஆளுநராயிருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் காலத்தில், ஜிந்துப்பிட்டியில் அங்கிலிக்கத் தமிழ் மக்களுக்கெனத் தூய தோமாவின் ஆலயம் எழுந்தது. அதன் எழுச்சிக்குக் கொழும்புச் செட்டிச் சமூகத்தார் பெருந்துணையாயினர். இலங்கையில் அங்கிலிக்கருக்கென முதலிற் கட்டப்பட்ட ஆலயங்களுள் ஒன்று தமிழ் வழிபாட்டுக்குரியதாக அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

1814ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் மெதடிஸ்த குருமார் இலங்கையின் தென்கரையை வந்தடைந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்த தோமஸ் கோக் வழியிலேயே கடலில் இறந்துபோனார். எஞ்சியோருள் லிஞ்சும் ஸ்குவான்சும் தமிழ்ப் பணிக்காக யாழ்ப்பாணம் சென்றனர். கொழும்பிற் பணியாற்றிய ஹாவார்டின் முயற்சியால் 1816ஆம் ஆண்டு திசம்பரில் புறக்கோட்டையில் தேவாலயம் திறக்கப்பட்டது.

இவர்கள் தம்மோடு கொண்டுவந்த முறை ஒன்று சிறு சபையின் பயனை நன்கு விளக்கும். 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் ஜோன் வெஸ்லியின் கூட்டத்தார் தம் மண்டபத்துக்காகப் பட்ட கடனைத் தீர்க்க வழி தேடினர். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். அதற்கும் வழியற்ற ஏழைகள் பலர் உளரே என்றார் மற்றொருவர். முன்னவரோ, மிக ஏழைகளான பதினொருவரைத் தம் பொறுப்பில் விடுமாறும், அவர்களால் இயலாததைத் தாமே கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார். ஏனையோரும் அவ்வாறே பொறுப்பேற்றனர். பணம் வாங்க வாரந்தோறும் வீடுவீடாகச் சென்றவர்கள், அவ்வீடுகளில் நோயையும் வேலையின்மையையும் குடியையும் மனத்துயரையும் கண்டனர். பணம் திரட்டும் ஏற்பாடு மனிதரைக் காக்கும் ஏற்பாடாயிற்று. பன்னிருவர் கொண்ட வகுப்பும் அதற்கொரு தலைவரும் மெதடிஸ்த சபையின் உயிர்நாடியானது இவ்வாறே. வகுப்புத் தலைவரின் முதற்கடமை பிரசங்கம் செய்தலன்று. இவ்வாரம் வாராதவர் யார் என்று அறிந்து அவர் வீட்டுக்குச் செல்லுதல்.

வாராதவரைத் தேடுதல் என்னும் இச்சிறு செயலிலேயே சிறு சபையின் மாண்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. பெருந்திரளில் ஒருவர் குறைந்தால் தெரிவதில்லை. நாற்பது பேர் கூடுமிடத்தில் மூன்றாம் வரிசையின் ஓரத்து இருக்கை வெறுமையாயிருந்தால், வழிபாடு முடியுமுன்னரே அது பலர் கண்ணிற் படும்.

பெருந்திரளுக்கு உரிய ஆபத்தையும் கொட்டாஞ்சேனை கண்டிருக்கிறது. 1883ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மீகெட்டுவத்தை குணானந்த தேரரின் தீபதுத்தாராமை விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. தாக்கியோர் கத்தோலிக்கர். உயிர்ச்சேதமும் காயங்களும் நேர்ந்தன. நீதி கிடைக்கவில்லை என்ற பௌத்தரின் முறையீட்டை மறு ஆண்டில் கேணல் ஒல்கொற் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். 1885 முதல் வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று. அன்று தெருவில் நின்றோருள் பலர் வீட்டிலும் கோயிலிலும் நல்லவர்களாகவே வாழ்ந்திருப்பர். முகம் அறிந்தோர் நடுவே செய்ய நாணும் செயலை மனிதன் முகமறியாத் திரளுள் நாணாது செய்கிறான். தன் வரலாற்றில் இக்கறையையும் நினைவிற் கொள்ளாத சபை, தன்னைத் தானே அறியாத சபையாகும்.

ஆனால் சிறுமை மட்டும் தன்னளவில் நன்மையாகிவிடாது. சிறிய சபை குறுகிய சபையாகவும் மாறலாம். ஒரே குலத்தார், ஒரே ஊரார், ஒரே குடும்பத்தின் கிளையார் என்ற வேலிக்குள் அது சுருங்கிவிடின், புதிதாக வருபவர் வாயிலிலேயே அந்நியராகிவிடுவர். தமிழ்க் கிறிஸ்தவருள் இந்நோய் ஆழமானது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூர்ப் பகுதியில் பலர் சாதியை விடாது சபையை விட்டு விலகினர். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருத்தல் அன்புக்கும் வழி, புறங்கூறலுக்கும் வழி. எந்த வழியிற் செல்வது என்பது சபையார் நாள்தோறும் தெரிந்தெடுக்க வேண்டிய ஒன்று.

வெள்ளவத்தையின் கதை கொட்டாஞ்சேனையின் கதைக்குப் பிற்பட்டது. வடபகுதிக்குப் புகையிரதப் பாதை 1905இல் நிறைவுற்றபின், அரசாங்க அலுவலகங்களில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் பணிபுரிய யாழ்ப்பாணத்தார் கொழும்புக்குப் பெருகி வந்தனர். நண்பர் பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமைத்துண்ட வீடுகள், காலப்போக்கில் குடும்பங்கள் வாழும் வீடுகளாயின. காலி வீதியின் இருமருங்கும் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளும் தமிழ் ஒலி கேட்கும் இடங்களாயின. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் வெள்ளவத்தையிலேயே நிலைகொண்டது. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், அமெரிக்க மிசன் மரபில் வந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்த யாழ்ப்பாண ஆதீனத்தார் எனப் பல பிரிவினரும் இப்பகுதியிலும் இதன் அயலிலும் தத்தம் சபைகளில் தமிழில் வழிபட்டனர்.

ஊரைப் பிரிந்து வந்த இளைஞனுக்கு அச்சபை அளித்தவை யாவை? அறிமுகமற்ற நகரில் அவன் பெயரைச் சொல்லி அழைக்கும் முதியோர் சிலர். நோயுற்றால் கஞ்சி கொண்டுவரும் வீடு ஒன்று. கடிதம் எழுதிக் கேட்காமலே அவன் நலத்தை ஊருக்கு அறிவிக்கும் வாய்கள். இவற்றுக்கு மேலாக, ஒரு பொறுப்பு. பெரிய ஆலயத்திற் பாடுவோரும் வாசிப்போரும் தேர்ந்தெடுக்கப்பட்டோர். சிறு சபையிலோ ஆளில்லாமையால் எல்லாரும் வேண்டப்படுகின்றனர். குரல் நடுங்கும் சிறுவனும் வேதபாடம் வாசிப்பான், கணக்கறிந்தவர் பொருளாளராவார், பேசத் தயங்கும் பெண் ஓய்வுநாட் பாடசாலையில் ஆசிரியையாவார். 1908இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, 1948இல் அம்ஸ்ரர்டாம் நகரில் உலகத் திருச்சபை மன்றத்தின் முதற் பேரவையின் தொடக்க வழிபாட்டில் உரையாற்றிய டி. ரி. நைல்ஸ் போன்றோரும் இத்தகைய தமிழ்ச் சபைகளின் மண்ணில் முளைத்தவர்களே.

பின்னர் இருள் சூழ்ந்த ஆண்டுகள் வந்தன. 1956இல் தனிச்சிங்களச் சட்டம், 1958இல் கலவரம், 1983ஆம் ஆண்டு யூலையில் கொழும்புத் தமிழர்மேல் பேரழிவு. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கோயில்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் அகதிகளின் புகலிடங்களாயின. அயலவரான சிங்கள மக்களுட் பலர் தம் உயிரைப் பொருட்படுத்தாது தமிழரை ஒளித்துக் காத்தனர். மறைந்திருப்போருக்குக் கதவு திறத்தல் என்னும் பழைய கடமை வேறு உருவில் மீண்டும் வந்தது. அதன்பின் பல குடும்பங்கள் இலண்டனுக்கும் தொரன்ரோவுக்கும் பிற நகரங்களுக்கும் சென்றன. இருக்கைகள் வெறுமையாயின. ஆயினும் போரால் பெயர்ந்து வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தோர் அவ்விருக்கைகளில் அமர்ந்தனர். போனவர்கள் குளிர்நாடுகளில் வாடகை மண்டபங்களிற் கூடித் தமிழிற் பாடத் தொடங்கினர். மரம் வெட்டுண்டாலும் விதை பறந்து சென்று வேறிடத்தில் முளைத்தது.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாட் பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற சிறுவர் பலரும் இறந்தோருள் அடங்குவர். அங்கே வாயிலில் நின்ற அறியாத முகத்தைக் கண்டு, யார் எவர் என்று உசாவி, உள்ளே செல்லவிடாது தடுத்துத் தம் உயிரைக் கொடுத்தார் சபையார் ஒருவர். தம் சபையின் முகங்களை எல்லாம் அறிந்தவரே அறியாத முகத்தை அறிய வல்லவர். ஆலயத்தினுள் இருந்த நூற்றுக்கணக்கானோர் அவரால் உயிர்தப்பினர்.

அடுத்த ஞாயிறு நாடெங்கும் கத்தோலிக்கப் பூசைகள் நிறுத்தப்பட்டன. பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றிய பூசையை மக்கள் தம் வீடுகளில் தொலைக்காட்சியிற் கண்டனர். ஒல்லாந்தர் காலத்துக்குப் பின் கொட்டாஞ்சேனை மக்கள் மீண்டும் வீட்டுக்குள் குடும்பமாக அமர்ந்து செபித்தனர். யூன் 12ஆம் நாள், திருவிழாவுக்கு முந்தின நாளில், அந்தோனியார் திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. சுவர்களைப் படையினர் சில வாரங்களிற் சீர்செய்தனர். துணையை இழந்தவரையும் தாயை இழந்த பிள்ளையையும் சீர்செய்தல் வாரங்களில் முடிவதன்று. நினைவு நாள்களுக்கு அப்பாலும், செய்தியாளர் சென்றபின்னும், அவ்வீடுகளின் கதவைத் தட்டும் பணி அவர்களைப் பெயரால் அறிந்தோருடையது.

கொழும்பு இன்று உயர்ந்து வளர்கிறது. வெள்ளவத்தையின் பழைய வளவு வீடுகள் இருந்த இடங்களில் மாடிக்குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஒரே மாடியில் எதிரெதிரே வாழ்வோர் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருத்தல் இயல்பாகிவிட்டது. இத்தகைய நகரில், ஞாயிறுதோறும் முதியவரும் குழந்தையும், செல்வரும் வறியவரும், உத்தியோகத்தரும் கூலியாளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடங்கள் மிகச் சில. அவ்விடத்தைக் கோயில் என்றோ விகாரை என்றோ பள்ளிவாசல் என்றோ பிற சமயத்தார் கூறுவர். அச்சிறு கூட்டம் அவரவர்க்கு அளிக்கும் பயன் ஒன்றே.

சபையின் உறுப்பினர் தொகையைக் கண்டு உளம் சோர்வோர் ஒல்லாந்தரின் தோம்பை நினைத்தல் தகும். இலட்சக்கணக்கான பெயர்கள் அதில் இருந்தன. பெயருக்குரியவரைத் தேடுவார் இல்லை. கதவடைத்த வீட்டினுள் கூடியவர்களின் பெயர்கள் எந்தத் தோம்பிலும் ஏறவில்லை. ஆயினும் அவர்களுள் ஒருவர் ஓரிரவு வாராவிடின், மறுநாட் காலையில் அவர் வீட்டு வாயிலில் ஒருவர் வந்து நின்றார்.